ஓர் அவுட்ஃபீல்டரும் என்னுடைய சம்மதமும்

1

என் மனைவி ராஜியின் ஆட்டைத் திவசத்துக்கு, அதுதான் முதலாம் வருடத் திவசத்துக்கு, ஐயர் வருமுன் என் மகன் சேந்தன் கதிரையில் ஏறி ஸ்மோக் அலாரத்தைக் கழற்றி வைத்தான். இந்த நாட்டில் நாங்கள் செய்யும் எந்தக் கிரியைக்கும் அதுதான் முதல் சடங்கு. அதை மறந்துவிட்டுக் கற்பூரம் கொளுத்தினால் பக்கத்து வீட்டுக்காரர் ஓடி வந்து கதவைத் தட்டுவார். லண்டன் மனோர் பார்க்கில் எங்கள் தெரு வீடுகள் எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டியவை. இவர் தும்மினால் அவருக்குக் கேட்கும்.

ரொறன்ரோவில் இருக்கும் மகள் மதுராவால் வர முடியவில்லை. அவளை அரிசிப் பையில் சாய்த்து வைத்த போனில் இருத்தினோம். அங்கே அப்போதுதான் விடிகிறது. தலைகூடச் சீவாமல் இருந்து அழுதாள். சேந்தனும் கண்ணைத் துடைத்தான். பிறகு எல்லோருமாக என்னைப் பார்த்தார்கள். எனக்கு ஒன்றும் வரவில்லை. ஐயர் சொன்ன இடத்தில் எள்ளும் தண்ணீரும் விட்டேன், எழும்பச் சொன்ன இடத்தில் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழும்பினேன். அவ்வளவுதான். ஒரு வருடமாக நான் இப்படித்தான் இருக்கிறேன். பசி வருகிறது, நித்திரை வருகிறது, வேறு எதுவும் வருவதாயில்லை.

வந்த சனத்தைவிடச் சாப்பாடு கூட. மிச்சத்தைப் பிரிட்ஜில் வைத்து ஒரு கிழமை சாப்பிட்டேன். கத்தரிக்காய்க் குழம்பு கடைசி நாளிலும் நன்றாகத்தான் இருந்தது. ராஜி இருந்திருந்தால் இரண்டாம் நாளே கொட்டியிருப்பாள்.

அதே கிழமைதான் கவுன்சிலில் இருந்து கடிதம் வந்தது. வீட்டில் தனியாள் என்றால் வரியில் கொஞ்சம் குறைப்பார்கள். "நீங்கள் இன்னும் தனியாகத்தான் இருக்கிறீர்களா?" என்று விசாரித்திருந்தார்கள். போன வருடம் இதற்காகப் போன் எடுத்தபோது நான் ஒரு பிழை விட்டேன். "மை வைஃப் ஹாஸ் எக்ஸ்பயர்ட்" என்றேன். ஊரில் நாங்கள் படித்த ஆங்கிலத்தில் மரியாதையாகச் சொல்வது அப்படித்தான். மறுமுனையில் இருந்த பிள்ளை, "எது எக்ஸ்பயர் ஆனது? அவருடைய விசாவா?" என்று கேட்டது. நல்ல பிள்ளை, உதவி செய்யும் எண்ணத்தோடுதான் கேட்டது. நானும் கோபிக்கவில்லை. "இல்லை, முழு ஆளும்தான்" என்றேன். இந்த முறை எடுத்தபோது, "ஓம், இன்னும் தனியத்தான்" என்பதற்குரிய ஆங்கிலத்தை மட்டும் சொல்லிவிட்டு வைத்தேன்.

2

நடந்ததைச் சொல்வதற்கு முன் பேஸ்போல் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பயப்பட வேண்டாம், எனக்கே கொஞ்சம்தான் தெரியும்.

சேந்தன் வேலை விஷயமாக இரண்டு வருடம் அமெரிக்காவில் இருந்தவன். அங்கே பிடித்த வியாதி அது. இப்போது விம்பிள்டனில் இருந்துகொண்டு அமெரிக்க அணி ஒன்றுக்காக உயிரை விடுகிறான். மதுராவின் கணவர் கிருபா ரொறன்ரோ அணியின் ஆள். மச்சானும் மச்சானும் நேரில் சந்தித்தால் "சாப்பிட்டாச்சா" என்பதற்கு மேல் பேச்சுக் கிடையாது. பேஸ்போல் என்று வந்தால் போனில் ஆளை ஆள் தின்பார்கள்.

ஒருமுறை சேந்தன் எனக்கு விளையாட்டைப் போட்டுக் காட்டினான். பார்த்தால் எங்கள் ஊர் எல்லே விளையாட்டுத்தான். தடியால் அடித்துவிட்டு ஓட வேண்டும், சுற்றி வர வேண்டும். நான் பள்ளிக்கூடத்தில் எல்லே விளையாடியவன். என்னை எப்போதும் மைதானத்தின் கடைசியில், முள்ளுக்கம்பிக்குக் கிட்டத்தான் விடுவார்கள். பந்து அங்கே வராது. வந்தால் பிடிக்க வேண்டும், பிடிக்காவிட்டால் ஏச்சு விழும். பேஸ்போலிலும் அப்படித் தூரத்தில் மூன்று பேர் நிற்கிறார்கள். அவர்களுக்குப் பெயர் அவுட்ஃபீல்டர். "உவங்களுக்கு என்ன வேலை, சும்மா நிக்கிறாங்கள்?" என்று கேட்டேன். "அப்பா, they're waiting" என்றான். பெரிய சம்பளம் வாங்கிக்கொண்டு காத்து நிற்கிறார்களாம். எனக்கு அதற்கு மேல் அக்கறை இருக்கவில்லை. ராஜி பக்கத்தில் இருந்து வெங்காயம் உரித்தபடி, "நீங்களும் அப்பிடித்தானே, சம்பளம் மட்டும் இல்லை" என்றாள்.

3

திவசம் முடிந்து ஒரு கிழமை இருக்கும். காலையில் தேத்தண்ணியோடு போனைத் திறந்தால் குடும்ப வாட்ஸப் குழுவில் சேந்தனும் கிருபாவும் எழுதித் தள்ளியிருந்தார்கள். நாங்கள் நித்திரையாகும் நேரத்தில்தான் அங்கே வேலை முடித்துவிட்டு வருவார்கள். எழுதியது ஆங்கிலத்தில். எங்கள் பேச்சில் சொன்னால் இப்படி வரும்.

கிருபா: "என்ன, அவரை இஞ்சால அனுப்புற கதை நடக்குதாம்? ரொறன்ரோ எடுக்க ரெடி."

சேந்தன்: "இவ்வளவு காலம் எங்களோட இருந்தவர் அத்தான். சும்மா தூக்கிக் குடுக்க ஏலாது."

கிருபா: "வைச்சிருந்து என்ன செய்யப் போறாய்? போன வருஷத்துக்குப் பிறகு ஆள் ஆளாயில்லை."

சேந்தன்: "முழங்கால்தான் பிரச்சினை. முந்தி மாதிரி ஓட ஏலாது. அதுக்காக விடுறதோ?"

கிருபா: "ஒரு மூலையில விட்டால் இன்னும் ரெண்டு மூண்டு வருஷம் தாக்குப்பிடிப்பார். இடம் மாறினால் அவருக்கும் நல்லது."

சேந்தன்: "செலவு முழுக்க உங்கட பக்கம்."

கிருபா: "பாதியை நீ தரவேணும். வயசு போன ஆள்."

சேந்தன்: "சரி, பதிலுக்கு என்ன வரும்?"

கிருபா: "ரெண்டு பொடியங்கள். ரெண்டு பேரும் கெட்டிக்காரர். இன்னும் கொஞ்சம் வளர வேணும்."

சேந்தன்: "எல்லாத்துக்கும் முதல் அவர் ஓம் சொல்ல வேணும். அவர் ஓம் சொல்லாமல் ஒருத்தராலும் அனுப்ப ஏலாது."

கிருபா: "அப்ப கேட்டுப் பாக்கிறதுதானே."

சேந்தன்: "ஆர் கேக்கிறது?"

அதோடு நின்றிருந்தது.

வாசிக்கும் உங்களுக்கு இந்நேரம் விளங்கியிருக்கும். எனக்கு விளங்கவில்லை. எப்படி விளங்கும்? முழங்கால் என்னுடையது. போன வருடம் என்னுடையது. மதுராவுக்கு இரண்டு பொடியன்கள், இரண்டு பேரும் கெட்டிக்காரர்கள், பல்கலைக்கழகம் போகிற வயதை நெருங்குகிறார்கள். நான் ரொறன்ரோவுக்குப் போவது, பொடியன்கள் படிக்க லண்டனுக்கு வந்து இந்த வீட்டில் இருப்பது. கணக்காகத்தான் போட்டிருக்கிறார்கள் என்று நினைத்தேன்.

கோபம் வந்திருக்க வேண்டும், வரவில்லை. பிள்ளைகள் குழு மாறிப் போட்டுவிட்டார்கள் என்று விளங்கியது. "ஆள் ஆளாயில்லை" என்பதை மட்டும் திரும்ப வாசித்தேன். உண்மைதானே, எதற்குக் கோபிப்பது? தேத்தண்ணி ஆறிவிட்டது, அதையும் குடித்தேன்.

4

ஆளைக் கொடுத்து ஆளை எடுப்பது எங்கள் குடும்பத்துக்குப் புதிதில்லை. எனக்கும் ராஜிக்கும் நடந்ததே மாற்றுச் சம்பந்தம்தான். என் தங்கையை ராஜியின் தமையன் கட்ட, ராஜியை நான் கட்டினேன். இரண்டு பக்கமும் கொடுத்து எடுத்தபடியால் சீதனப் பேச்சே எழவில்லை. எல்லோருக்கும் பெரிய நிம்மதி.

நான் அப்போது இங்கே வந்து, ஸ்ட்ரெதமில் நாலைந்து பேரோடு ஓர் அறையில் இருந்தேன். அகதி விண்ணப்பத்துக்கு முடிவு வரவில்லை. அப்பா சண்டைக்குள் வவுனியா வந்து போன் எடுத்தார். லைன் இரைந்தது. தங்கையின் காரியம் முற்றாகிவிட்டது, இந்தப் பக்கம் நீதான் மிச்சம் என்ற மாதிரிச் சொல்லிவிட்டு, "உனக்குச் சம்மதம்தானே?" என்று கேட்டார். அந்தத் "தானே"க்குள் எல்லாம் அடங்கியிருந்தது. "சம்மதம்" என்றேன். ராஜியைப் படத்தில்கூடப் பார்க்கவில்லை. விமான நிலையத்தில் பெயர் எழுதிய மட்டையோடு நின்றுதான் கூட்டி வந்தேன். அவள் மட்டையைப் பார்த்துவிட்டு, "என்ர பேரில எழுத்துப்பிழை" என்று சொன்னதுதான் முதல் பேச்சு.

அந்தச் சம்மதம் நல்லபடி முடிந்தது. கெட்டபடி முடிந்திருந்தால் நான் இல்லை என்று சொல்லவும் பழகியிருப்பேனோ என்னவோ. ரயில் நிலைய வேலையில் ஷிப்ட் மாற்றச் சொன்னார்கள், சம்மதம். நான் இருந்த டிக்கெட் கவுண்டரை மூடிவிட்டு என்னை மேடையில் நிற்கச் சொன்னார்கள், சம்மதம். வைத்தியசாலையில் ராஜியின் மூச்சுக் குழாயை எடுக்கலாமா என்று கேட்டார்கள். அதற்கும் நான்தான் சொன்னேன்.

ஆகவே அன்றும் காலைச் சாப்பாட்டுக்கு முன் குழுவில் தமிழில் எழுதினேன்: "எனக்குச் சம்மதம். போட்டு வாறன்."

எங்கள் ஆட்கள் "போறன்" என்று சொல்ல மாட்டோம். அது திரும்பி வராதவர்கள் சொல்லும் சொல். கடைக்குப் போனாலும் கனடா போனாலும் "போட்டு வாறன்"தான். போய்விட்டு வருகிறேன் என்று அர்த்தம். அது சேந்தனுக்குத் தெரியும், காதால் கேட்டால். தமிழ் எழுத்து அவனுக்கு வாசிக்க வராது. போன்தான் அவனுக்கு மொழிபெயர்த்துக் கொடுக்கும்.

பத்து மணிபோல அவனிடமிருந்து அழைப்பு வந்தது.

"அப்பா, என்ன போடப் போறீங்கள்?"

"என்னத்தைப் போடுறது?"

"உங்கட மெசேஜ். 'I agree, I will put it and come' எண்டு வருது. எதைப் போட்டுட்டு எங்க வாறீங்கள்?"

"ரொறன்ரோவுக்கு. நான் அங்க போய் இருக்கிறதுக்கு ஓம் எண்டு எழுதினனான்."

பஸ்ஸில் இருந்திருக்கிறான், அடுத்த தரிப்பிடத்தின் பெயரைச் சொல்லும் குரல் மட்டும் கேட்டது.

"அக்கா கதைச்சவவோ?" என்று மெதுவாகக் கேட்டான்.

"எனக்கு எல்லாம் தெரியும்," என்றேன்.

"ஓ," என்றான். பிறகு, "Okay அப்பா. அது… that's really good. நான் பின்னேரம் எடுக்கிறன்."

5

மதுரா பின்னேரம் வரை பொறுக்கவில்லை. எழும்பின கையோடு எடுத்துவிட்டாள். திவசத்தன்று அழுத அழுகை இல்லை, இது வேறு. நெஞ்சில் இருந்து எதையோ இறக்கி வைத்தவள் மாதிரி.

"சேந்தன் கதைச்சவனோ அப்பா? நாங்கள் தை மாசம் துவங்கி எப்பிடிக் கேக்கிறதெண்டு தெரியாமல் முழுசிக்கொண்டு இருந்தம். நீங்கள் என்ன நினைப்பியளோ எண்டு."

அக்கா கேட்டாள் என்று தம்பி நினைக்கிறான், தம்பி கேட்டான் என்று அக்கா நினைக்கிறாள். ஒருவரும் கேட்கவில்லை. எனக்கு அப்போது அது விளங்கவில்லை. அவர்கள் தை மாதம் துவங்கிக் கதைத்திருக்கிறார்கள் என்பது மட்டும் விளங்கியது.

"பேஸ்மென்ட்டில வாடகைக்கு இருக்கிற ஆக்களை எழும்பச் சொல்லி இண்டைக்கே சொல்லிப் போடுறன். வேற குளியலறை எல்லாம் இருக்கு, நீங்கள் படி ஏறத் தேவையில்லை. ஹீட்டர் நல்லா வேலை செய்யும். ஜன்னல் ஒண்டு சின்னனா இருக்கு."

"பொடியங்கள் எப்ப இஞ்ச வருகினம்?" என்று கேட்டேன்.

"எந்தப் பொடியங்கள்?"

"உன்ர பொடியங்கள்தான்."

"அவங்கள் ஏன் அங்க வாறாங்கள்? நீங்கள்தானே இஞ்ச வாறீங்கள். ஒவ்வொரு நாளும் பாக்கலாம்." பிறகு குரலைத் தாழ்த்தி, "அப்பா, நீங்கள் ஒழுங்காச் சாப்பிடுறீங்களோ?" என்றாள்.

நான் பிசகிக் கதைக்கிறேன் என்று நினைத்துவிட்டாள். இனித் தனியே விடவே கூடாது என்று அந்த நிமிடமே முடிவெடுத்ததாகப் பிறகு சொன்னாள்.

6

வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போனேன். கோயிலில் எனக்குப் பெரிய பக்தி ஒன்றும் இல்லை. நடந்து போகிற தூரத்தில் இருக்கிறது, பிரசாதமாகப் பொங்கிய புக்கை தருகிறார்கள், குலம் அண்ணை வருவார். குலம் அண்ணை என்னோடு ஒரே காலத்தில் இந்த நாட்டுக்கு வந்தவர். நான் ரயில் பக்கம் போனேன், அவர் கடை போட்டார். மனிதர் வாயைத் திறந்தால் இரக்கம் பார்க்க மாட்டார்.

செருப்புப் போடும் இடத்தில் வைத்து விஷயத்தைச் சொன்னேன்.

"நீர் ஏன் ஓமெண்டனீர்?" என்றார்.

"பிள்ளையள் கஷ்டப்படுதுகள். கேக்கப் பயந்துகொண்டு நிக்குதுகள்."

"அது சரி. உமக்குப் போக விருப்பமோ?"

"விருப்பம் எண்டில்லை."

"அப்ப?"

நான் செருப்பின் வாரை இழுத்துக்கொண்டிருந்தேன். குலம் அண்ணை விடவில்லை.

"ஓமெண்டு சொன்னால் 'சீச்சீ, நீங்கள் எங்கயும் போகத் தேவையில்லை, இஞ்சயே இருங்கோ' எண்டு சொல்லுவினம் எண்டு பாத்தீராக்கும்."

இந்த மனிதரிடம் எதையும் மறைக்க ஏலாது. ஓம், அதைத்தான் பார்த்தேன். இங்கே எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் அதுதான் உண்மை. எங்கள் ஆட்கள் ஒரு வீட்டுக்குப் போனால் அரை மணித்தியாலத்தில், "அப்ப வெளிக்கிடுவம்" என்று சொல்ல வேண்டும். அது வெளிக்கிடுவதற்காகச் சொல்வதல்ல. வீட்டுக்காரர், "என்ன அவசரம், இருந்து சாப்பிட்டிட்டுப் போங்கோவன்" என்று மறிக்க வேண்டும். மறித்தால் இருந்துவிடலாம். நான் சம்மதம் எழுதியதும் அந்த வகைதான். பிள்ளைகள் மறிப்பார்கள் என்று பார்த்தேன். என் பிள்ளைகள் இந்த நாட்டில் வளர்ந்தவர்கள். வெளிக்கிடப் போகிறேன் என்று ஒருவர் சொன்னால் அவருடைய கோட்டை எடுத்துவந்து விரித்துப் பிடிப்பார்கள். அதுதான் இங்கே மரியாதை. பிழை சொல்ல ஏலாது.

"இப்ப என்ன, திருப்பிச் சொல்லுமன், மனம் மாறிட்டுது எண்டு," என்றார் குலம் அண்ணை.

"அவள் பேஸ்மென்ட் ஆக்களை எழுப்பிப் போட்டாள்."

"ஆக்கள் திரும்பி வருவினம். இல்லாட்டி வேற ஆக்கள் வருவினம். ரொறன்ரோவில பேஸ்மென்ட்டுக்கு ஆளில்லையோ?" என்று சொல்லிவிட்டு, தன் புக்கையில் பாதியை என் கோப்பையில் போட்டார். "உதைத் தின்னும். அங்க குளிருக்குள்ள கோயில் எல்லாம் காரில போகோணும். உமக்குக் கார் ஓடவும் தெரியாது."

7

சனிக்கிழமை சேந்தன் வீட்டு ஏஜென்ட் ஒருவரைக் கூட்டிக்கொண்டு வந்தான். மதிப்புப் போட்டுப் பார்க்க மட்டும் என்றான். ஏஜென்ட் ஒரு சின்னப் பொடியன், மெல்லிய காற்சட்டை, கூர்ச் சப்பாத்து. சுவரில் சிவப்பு வெளிச்சம் அடித்து அளந்தான். எலிசபெத் லைன் ரயில் வந்த பிறகு இந்தப் பக்கத்து வீடுகளுக்கு நல்ல கிராக்கி என்றான். சமையலறையில் சாமித் தட்டைப் பார்த்துவிட்டு, படம் எடுக்கும்போது மட்டும் இதை உள்ளே வைக்கலாமா என்று பணிவாகக் கேட்டான். பிறகு மேலே அறைகளை அளக்கப் போனான்.

நானும் சேந்தனும் கீழே நின்றோம். ஏதாவது கதைக்க வேண்டுமே என்று, "செலவு பாதி பாதி எண்டு முடிவாக்கியாச்சோ?" என்று கேட்டேன்.

"என்ன செலவு?"

"என்ர செலவுதான். நீயும் கிருபாவும் கதைச்சது."

"அப்பிடி ஒண்டும் கதைக்கேல்லையே அப்பா."

நான் போனை எடுத்துக் காட்டினேன். முழங்கால், மூலை, இரண்டு பொடியங்கள், எல்லாவற்றையும் விரலால் தொட்டுக் காட்டினேன். அவன் வாசித்தான். முதலில் முகம் சுருங்கியது. பிறகு கண் பெரிதாகியது. பிறகு சிரிக்கத் துவங்கினான். கதிரையில் இருந்து, மேசையில் தலையை வைத்துச் சிரித்தான்.

"அப்பா, இது நீங்கள் இல்லை. It's baseball! எங்கட அவுட்ஃபீல்டர் ஒராள். அவரை ரொறன்ரோவுக்கு ட்ரேட் பண்ணப் போறாங்கள் எண்டு ஒரு கதை. அத்தான் மாறி எங்கட குரூப்பில போட்டுட்டார், நானும் பாக்காமல் பதில் எழுதிட்டன்."

வயது போன நட்சத்திரம் ஒருவரைக் கொடுத்துவிட்டு, வளர்ந்து வரும் இரண்டு பொடியன்களை வாங்குவதாம். கொடுக்கிற பக்கம் சம்பளத்தில் பாதியைத் தாங்குவதும் வழக்கமாம். மைதானத்தின் நடுப்பக்கம் ஓடித் திரிய முடியாதவரை மூலைப் பக்கம் விடுவார்களாம். எல்லாவற்றையும் சிரிப்புக்கு நடுவில் விளங்கப்படுத்தினான். எனக்கும் சிரிப்பு வந்தது. மூலையில் விடுவது என்று வாசித்துவிட்டு எந்த மூலை என்று நான் மதுரா வீட்டு அறைகளை ஒவ்வொன்றாக யோசித்ததைச் சொன்னேன். இரண்டு பேரும் ராஜி போன பிறகு முதல் தடவையாக இந்த வீட்டில் சத்தம் போட்டுச் சிரித்தோம்.

பிறகு அவன் நிறுத்தினான். போனை மேசையில் வைத்தான்.

"அப்ப நீங்கள் அதை வாசிச்சிட்டோ ஓமெண்டனீங்கள்? அக்கா ஒண்டும் கேக்கேல்லையோ?"

"இல்லை."

"நானும் கேக்கேல்லை."

"ஓம்."

மேலே ஏஜென்ட் ராஜியின் அலுமாரியைத் திறந்து மூடுவது கேட்டது. சேந்தன் என் முகத்தைப் பார்த்தான். அவன் ஏதோ சொல்லப் போகிறான் என்று நினைத்தேன். இருங்கோ என்பது சின்னச் சொல். அவன் தாயைப்போல நல்ல மனம் உள்ளவன், இல்லை என்று நான் சொல்லவில்லை. வேலை, பிள்ளை, விம்பிள்டனில் இருந்து இங்கே வந்து போகிற பயணம், நான் போன் எடுக்காவிட்டால் வரும் பயம், எல்லாம் அவன் முகத்தில் தெரிந்தது. நானும் என் பக்கம் ஒரு சொல் சொல்லியிருக்கலாம். நான் அங்கே நின்றேன், அவ்வளவுதான்.

"எண்டாலும் அப்பா," என்றான், "it's a good thing, no? அக்காவும் எல்லாம் செய்யத் துவங்கிட்டா. உங்களுக்குப் போக விருப்பம்தானே?"

அதே "தானே". ஊருக்கே போகாத பிள்ளைக்கு அதை யார் சொல்லிக் கொடுத்தார்களோ தெரியாது.

"ஓம் ஓம்," என்றேன். ஏஜென்ட் இறங்கி வந்து, பின்னறைக்கு நல்ல வெளிச்சம் என்றான்.

8

அதற்குப் பிறகு எல்லாம் ஒழுங்காக நடந்தது. பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டில் கொஞ்சக் காலம் சும்மா போய் இருக்கலாம். நெடுக இருப்பதென்றால் மருத்துவக் காப்புறுதி, டாக்டரின் சோதனை, மதுராவின் வருமானத்துக்கு அத்தாட்சி என்று ஏகப்பட்டது. சேந்தன் எல்லாவற்றையும் கணினியில் நிரப்பினான். சோதித்த டாக்டர் மூச்சை இழு, விடு என்றார். இழுத்தேன், விட்டேன். கவுன்சிலுக்கும் அறிவிக்க வேண்டும். இனி அந்த வீட்டில் தனியாளும் இல்லை என்று.

ராஜியின் சீலைகளில் மதுரா கேட்டதை வைத்துவிட்டு மற்றதைச் சனத்துக்குக் கொடுத்தேன். எனக்குக் கை நடுங்கும் என்று மருமகள் பயந்துகொண்டு நின்றாள். நடுங்கவில்லை. மடித்து மடித்து வைத்தேன். நடுங்கியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று பிறகு நினைத்தேன்.

ஆடி முடிவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சேந்தன் வெறும் பெட்டிகள் கொண்டுவந்தான். வாசலில் நின்றபோதே முகம் மலர்ந்திருந்தது. என்னடா என்று கேட்டேன்.

"அப்பா, அவர் போகேல்லை!"

"ஆர்?"

"எங்கட அவுட்ஃபீல்டர். எல்லாம் பேசி முடிச்சாச்சு. ரொறன்ரோ ரெண்டு பொடியங்களையும் குடுக்க ரெடி. அத்தான் அவற்ற பேர் போட்ட சேர்ட்டுக்கு ஓடரும் குடுத்திட்டார். கடைசி நேரத்தில ஆள் மாட்டன் எண்டுட்டார்."

"அப்பிடிச் சொல்ல ஏலுமோ?"

"ஓம். பத்து வருஷம் விளையாடி, கடைசி அஞ்சு வருஷமும் ஒரே டீமில இருந்தால், அவரைக் கேக்காமல் அனுப்ப ஏலாது. அது rule. கேட்டவை. இவர் no எண்டுட்டார்."

போனில் படத்தைக் காட்டினான். தாடி வைத்த பெரிய மனிதர் ஒருவர், தொப்பியைக் கையில் பிடித்தபடி, தன்னுடைய மைதானத்தில் நிற்கிறார். சந்தோஷமாக நிற்கிறார் என்றும் சொல்ல முடியாது. நிற்கிறார்.

சேந்தன் ஒரு பெட்டியை விரித்து அடிப்பக்கத்துக்கு டேப் ஒட்டத் துவங்கினான். நான் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"என்னெண்டு சொன்னவர்?" என்று கேட்டேன்.

"என்ன அப்பா?"

"இல்லை, எல்லாரும் எல்லாம் செய்து முடிச்ச பிறகு, என்னெண்டு, எப்பிடி வாயைத் திறந்து சொன்னவர்?"

"என்னெண்டு எண்டால்? சும்மா 'no' எண்டு சொன்னவர். அவ்வளவுதான்." டேப்பைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தான். "ஏனப்பா?"

"ஒண்டுமில்லை," என்றேன். "சும்மா கேட்டனான்."